🤟 எமோஜி: கட்டைவிரல் நீண்டால் அன்பு, மடங்கினால் ராக்

கை எமோஜிகள் வரிசையைத் திறந்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி மூன்று கைகள் அடுத்தடுத்து நிற்கும்: 🤟, 🤘, 🤙. முதலாவதில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல் மூன்றும் நீண்டிருக்கும். நடுவிரலும் மோதிரவிரலும் மடங்கியிருக்கும். இரண்டாவதில் கட்டைவிரலும் மடங்கிவிடும். மூன்றாவதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே நீண்டிருக்கும். முதலாவது ‘ஐ லவ் யூ’. இரண்டாவது ராக் இசை ரசிகர்களின் கொம்பு. மூன்றாவது ‘போன் பண்ணு’, அல்லது ஹவாய்த் தீவுகளில் ‘கவலையை விடு’.

நாம் பேசப்போவது முதலாவதைப் பற்றி. போன் திரையில் ஓர் எமோஜி ஒரு எழுத்தின் உயரம்தான் இருக்கும். அந்த அளவில் 🤟, 🤘 இரண்டையும் பிரித்துக் காட்டுவது பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்கும் கட்டைவிரல் ஒன்றுதான். அதைக் கவனிக்காமல் அனுப்புகிறவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. 2002இல் வந்த ரஜினிகாந்தின் ‘பாபா’ படத்துக்குப் பிறகு, ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நிமிர்த்தி மற்றவற்றை மடக்கினால் அது இங்கே ‘பாபா முத்திரை’. 2017 டிசம்பர் 31 அன்று அவர் அரசியலுக்கு வருவதாக அறிவித்தபோதும் அதே கையைத்தான் காட்டினார். அதனால் 🤟 போட்டு ஒருவர் அன்பைச் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் ‘தலைவா’ என்று படித்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. பாபா முத்திரையில் கட்டைவிரல் உள்ளே போய் மடங்கிய விரல்களைப் பிடித்திருக்கும். எமோஜிகளில் அதற்கு நெருக்கமானது 🤘. பரதம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரலாம்: நடுவிரலும் மோதிரவிரலும் கட்டைவிரல் நுனியைத் தொட, மற்ற இரண்டும் நிமிர்ந்து நின்றால் அது சிம்மமுக முத்திரை. அதுவும் 🤘 பக்கம்தான் சேரும்.

ஒரு கையில் மூன்று எழுத்து

இந்தக் கை அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கை வடிவம் உண்டு. பெரும்பாலும் பெயர்களையும் ஊர்களையும் எழுத்துக் கூட்டிச் சொல்ல அது பயன்படும். அதில் ‘ஐ’ என்பது சுண்டுவிரல் மட்டும் நிமிர்ந்த முஷ்டி. ‘எல்’ என்பது ஆள்காட்டி விரல் மேலே, கட்டைவிரல் பக்கவாட்டில் நீண்ட வடிவம். பார்த்தாலே அந்த எழுத்துதான் தெரியும். ‘ஒய்’ என்பது கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்த கை.

‘ஐ லவ் யூ’வின் சுருக்கமான ஐ-எல்-ஒய் என்ற இந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். சுண்டுவிரல் ‘ஐ’யிலும் ‘ஒய்’யிலும் இருக்கிறது. கட்டைவிரல் ‘எல்’லிலும் ‘ஒய்’யிலும் இருக்கிறது. ஆள்காட்டி விரல் ‘எல்’லில் மட்டும். மூன்றும் சேர்ந்தால் கிடைப்பது 🤟. கட்டைவிரல் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. அதை மடக்கினால் ‘எல்’லும் போய்விடும், ‘ஒய்’யும் போய்விடும். மிஞ்சுவது ‘ஐ’ மட்டும், அதாவது ‘நான்’.

நேரில் காட்டும்போது செய்முறை இது. முதலில் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையை எதிரில் இருப்பவரை நோக்கி வையுங்கள். நடுவிரலையும் மோதிரவிரலையும் மட்டும் உள்ளங்கையைத் தொடும்வரை மடக்குங்கள். மற்ற மூன்றையும் அசைக்க வேண்டாம். கட்டைவிரல் ஆள்காட்டி விரலிலிருந்து நன்றாக விலகி, ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். அந்தக் கையை அப்படியே நிறுத்தலாம், விடைபெறும்போது இலேசாகப் பக்கவாட்டில் ஆட்டவும் செய்யலாம். வலது, இடது எந்தக் கையானாலும் பொருள் மாறாது.

வழக்கமாக வரும் கோளாறுகள் மூன்று. மடக்கிய இரண்டு விரல்களையும் பிடித்துக்கொள்ளக் கட்டைவிரல் தானாக உள்ளே போவது முதலாவது. பழக்கம் இல்லாத கை இதைத்தான் செய்யும், உடனே கொம்பு ஆகிவிடும். ஆள்காட்டி விரல் பாதி வளைந்து நிற்பது இரண்டாவது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது 🤙 போலத் தெரியும். மூன்றாவது, புறங்கையைக் காட்டுவது. அப்போது மடங்கிய விரல்கள் மறைந்துவிடுவதால் வடிவம் தெளிவாக இருக்காது. செல்ஃபியில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கும்.

சிலருக்கு மோதிரவிரல் முழுதாக மடங்காது. மடக்கினால் சுண்டுவிரலும் கூடவே சாயும். அது இயல்பு, கொஞ்சம் பழகினால் சரியாகும். இந்த வடிவம் மனிதக் கைக்கு எளிதாக வருவதற்கு உடற்கூற்றில் ஒரு காரணம் உண்டு. முன்கையின் பின்புறத்தில் உள்ள ஒரு பொதுத் தசை நான்கு விரல்களையும் நிமிர்த்துகிறது. அதன் தசைநாண்கள் புறங்கையில் குறுக்கு இழைகளால் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று இழுத்தால் பக்கத்தில் உள்ளதும் அசையும். ஆனால் ஆள்காட்டி விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் மட்டும் அவற்றை நிமிர்த்த இன்னொரு தனித் தசை இருக்கிறது. அதனால் நடுவில் உள்ள இரண்டையும் மடக்கிவைத்துக்கொண்டே ஓரத்தில் உள்ள இரண்டையும் நேராக நிறுத்த முடிகிறது. முஷ்டி பிடித்துக்கொண்டு மோதிரவிரலை மட்டும் நிமிர்த்திப் பாருங்கள். அந்தத் தனித் தசை இல்லாத குறை உடனே தெரிந்துவிடும்.

எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் காது கேளாதோருக்கான முதல் நிரந்தரப் பள்ளி 1817இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில் தொடங்கியது. தாமஸ் ஹாப்கின்ஸ் கேலடெட் என்ற அமெரிக்கரும், பாரிஸிலிருந்து வந்த லோரான் கிளெர் என்ற காது கேளாத ஆசிரியரும் அதை நடத்தினார்கள். பிரெஞ்சுச் சைகைகளும், ஒரே கையால் எழுத்துகளைக் காட்டும் முறையும் கிளெரோடு வந்தன. ஒற்றைக் கையில் மூன்று எழுத்துகளை அடுக்க முடிவது அந்த முறையால்தான். ஐ-எல்-ஒய் கையைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று யாரையும் காட்ட முடியாது. விடுதிகளில் தங்கிப் படித்த காது கேளாத மாணவர்களிடையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழங்கத் தொடங்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு.

காது கேட்பவர்களிடம் இது பரவியது 1970களில். அமெரிக்கத் தொலைக்காட்சியின் போட்டி நிகழ்ச்சித் தொகுப்பாளர் ரிச்சர்ட் டாசன் நிகழ்ச்சியை முடிக்கும்போது இந்தக் கையைக் காட்டுவார். 1977 ஜனவரி 20 அன்று, பதவியேற்பு ஊர்வலத்தில் வழியோரம் நின்ற காது கேளாதோர் குழு ஒன்றுக்கு அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் இதே கையைக் காட்டியதும் பேசப்பட்டது. 1993இல் அமெரிக்க அஞ்சல் துறை சைகை மொழிக்காக 29 சென்ட் அஞ்சல்தலைகள் இரண்டை இணையாக வெளியிட்டது. இரண்டிலும் இந்த வடிவம் உண்டு. ஒன்றில் ஒரு தாய் குழந்தைக்கு இதைக் காட்டுகிறாள்.

எமோஜி வரக் கொஞ்சம் தாமதமானது. எழுத்துகளுக்கும் எமோஜிகளுக்கும் உலகப் பொதுவான எண் தரும் தரநிலை யூனிகோட். 🤘 2015இல் அதன் 8.0 பதிப்பிலும், 🤙 2016இல் 9.0இலும் வந்தன. 🤟 வந்தது 2017 ஜூனில், யூனிகோட் 10.0இல். ஆண்ட்ராய்டு 8.0லும், அதே ஆண்டு அக்டோபர் இறுதியில் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 11.1லும் அது போன்களுக்குக் கிடைத்தது. பழைய பதிவுகளைப் படிக்கும்போது இந்த வரிசையை நினைவில் வைப்பது நல்லது. 2015, 2016 ஆண்டுப் பதிவுகளில் அன்பான வாக்கியத்தின் கடைசியில் 🤘 இருந்தால், எழுதியவர் தவறு செய்தார் என்று நினைக்க வேண்டியதில்லை. அப்போது கையில் இருந்தது அதுதான்.

எவ்வளவு அன்பு?

புதிதாகப் பயன்படுத்துவோருக்கு வரும் முதல் தயக்கம்: பெயரிலேயே ‘ஐ லவ் யூ’ இருக்கிறதே, இதை அனுப்பினால் காதலைச் சொன்னதாக ஆகிவிடாதா?

ஆகாது. சைகை மொழிக்குள்ளேயே இதற்கு விடை இருக்கிறது. அமெரிக்கச் சைகை மொழியில் ஒருவரிடம் மனம் திறந்து காதலைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முழு வாக்கியம் உண்டு: முதலில் தன்னைச் சுட்டுவது, பிறகு இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக அணைத்துக்கொள்வது, கடைசியில் எதிரில் இருப்பவரைச் சுட்டுவது. ஐ-எல்-ஒய் அதன் சுருக்கம். பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும்போது, நண்பர்கள் கலையும்போது, மேடையிலிருந்து கூட்டத்தைப் பார்த்து, ரயில் நகரும்போது ஜன்னல் வழியாக என்று இலேசான, பொதுவான பாசத்துக்கு இதைக் காட்டுவார்கள். எமோஜியிலும் அதே கனம்தான். ❤️ ஒருவரை நோக்கியது. 🤟 ஒரு கூட்டத்துக்கே அனுப்பலாம்.

தமிழ் அரட்டையில் இது எங்கே பொருந்தும்? “வந்து கலக்கிட்டீங்கடா எல்லாரும் 🤟” என்று கல்லூரிக் குழுவில் போடலாம். “அக்கா, நீ அனுப்பின முறுக்கு வந்து சேர்ந்துச்சு, லவ் யூ 🤟” என்பதும் சரி. “ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுடி 🤟” என்பதில் அது கையசைப்பாகவும் வேலை செய்கிறது. சக வயதினர், உடன்பிறந்தோர், ரசிகர் வட்டம், அணித் தோழர்கள் ஆகிய இடங்களில் தாராளமாகப் போடலாம்.

பொருந்தாத இடங்களும் தெளிவானவை. மேலதிகாரி விடுப்பைச் சம்மதித்ததற்கு “நன்றி சார் 🤟” என்று பதில் போட்டால், அவருக்கு அது திமிராகவோ விளையாட்டாகவோ படும். அங்கே 🙏 போதும், அல்லது எதுவுமே வேண்டாம். பெரியப்பா, அத்தை வயதில் உள்ளவர்கள் பலருக்கு இந்தக் கை ‘ஸ்டைல்’ காட்டுவதாகத்தான் தெரியும். பாசம் அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமானால் ❤️ அல்லது 🥰 நேரடியானது. துக்கச் செய்தியின் கீழ் இதைப் போடவே கூடாது. “பாட்டி இன்று காலை காலமானார்” என்ற செய்திக்கு ஒருவர் 🤟 என ரியாக்ஷன் போட்டால், அனுப்பியவர் மனதில் ஆறுதல் இருந்தாலும் பார்ப்பவர்கள் கண்ணில் படுவது கொண்டாட்டம். வேகமாக அழுத்தும்போது பக்கத்தில் உள்ள 🤘 விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

காதல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புதிதாகப் பழகும் ஒருவரிடமிருந்து 🤟 வந்தால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் போக வேண்டாம். பெரும்பாலும் அது ‘செம’, ‘சூப்பர்’ என்ற அளவில்தான் இருக்கும். காதலைச் சொல்ல நினைப்பவருக்கும் இது நல்ல கருவி இல்லை. ‘நட்பாகத்தான் போட்டேன்’ என்று பின்வாங்க இடம் கொடுக்கும் எமோஜி இது. அதற்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு என்பது வேறு கதை!

வெளிநாட்டு நண்பர்களுக்கு அனுப்பும்போது 🤟 எங்கும் பெரிய வில்லங்கம் தராது. கவனம் தேவைப்படுவது பக்கத்து வீட்டுக் கொம்புக்குத்தான். இத்தாலியில் 🤘 கையை ஒருவரை நோக்கி மேல்நோக்கிக் காட்டினால் ‘உன் மனைவி உன்னை ஏமாற்றுகிறாள்’ என்ற வசை. அதையே தரையை நோக்கிக் காட்டினால் கண்ணேறு கழிப்பது. ராக் உலகுக்கு அதைக் கொண்டுவந்தவராகப் பெரும்பாலோர் சொல்லும் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, தன் இத்தாலியப் பாட்டியிடம் பார்த்த கண்ணேறு முத்திரை என்றுதான் அதை விளக்கினார். டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்கோ அது 1955 முதல் தங்கள் விளையாட்டு அணியின் மாட்டுக் கொம்பு.

காது கேளாதோரைப் பற்றி எழுதும்போது

ஆண்டுதோறும் செப்டம்பர் 23 ஐ.நா.வின் சர்வதேசச் சைகை மொழிகள் தினம். அன்று பள்ளிகளும் நிறுவனங்களும் வாழ்த்து அட்டை வெளியிடும். அதில் 🤘 போட்டிருப்பதைப் பார்க்காமல் அந்த நாள் கழிவது அபூர்வம். மற்ற இடத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு மொழியைக் கொண்டாடும் அட்டையில் அந்த மொழியின் மிகப் பிரபலமான வடிவமே தவறாக இருப்பது அழகில்லை.

இன்னொரு விஷயமும் இங்கே முக்கியம். சைகை மொழி உலகம் முழுக்க ஒன்றல்ல. இந்தியச் சைகை மொழி தனி மொழி. அதற்கான ஆய்வு, பயிற்சி மையத்தை மத்திய அரசு 2015இல் புது டெல்லியில் அமைத்தது. ஆங்கில எழுத்துகளைக் காட்ட இந்தியாவில் பரவலாக உள்ளது, பிரிட்டனைப் போல இரண்டு கைகளையும் பயன்படுத்தும் முறை. அந்த முறையில் ஐ, எல், ஒய் மூன்றையும் ஒரே கையில் அடுக்க வழியில்லை. எனவே 🤟 இந்தியச் சைகை மொழியின் எழுத்துகளிலிருந்து பிறந்ததல்ல. ஆனாலும் உலகக் காது கேளாதோர் சமூகங்களுக்கு இடையே ஒரு பொது அடையாளமாக அது ஊர்விட்டு ஊர் போயிருக்கிறது. இந்தியாவிலும் காது கேளாதோர் கூடும் இடங்களில் குழுப் படம் எடுத்தால் இந்தக் கை உயரும். ‘இதுதான் இந்தியச் சைகை மொழியில் அன்பு’ என்று எழுதாமல், அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து வந்து பொதுவானது என்று எழுதினால் சரியாக இருக்கும்.

பாராட்டுக்கும் இதையே போடுகிறார்கள். ஆனால் காது கேளாதோர் கைதட்டுவது, இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து மணிக்கட்டைச் சுழற்றி அசைப்பது. அதற்கென்று தனி எமோஜி இல்லை; 👐 அல்லது 🙌 என்று ஒப்பேற்றுவார்கள்.

அக்கம்பக்கத்து அன்புக் கைகள்

2021 செப்டம்பரில் வந்த யூனிகோட் 14.0இல் இன்னும் இரண்டு அன்புக் கைகள் சேர்ந்தன. ஐபோனில் அவை 2022 மார்ச்சில் ஐஓஎஸ் 15.4 உடன் வந்தன.

🫶 இரண்டு கைகளும் சேர்ந்து செய்யும் இதயம். கட்டைவிரல்களின் நுனி கீழே கூடும். மற்ற விரல்கள் மேலே வளைந்து இறங்கும். கால்பந்து மைதானத்தில் கேரத் பேல், ஏங்கல் டி மரியா கோல் அடித்தபின் காட்டியது இதுதான். மூன்றில் குழப்பமே இல்லாதது இதுதான் என்பேன். பாட்டிக்கு அனுப்பினாலும், மேலதிகாரியின் பிரியாவிடை வாழ்த்தில் போட்டாலும், உடல்நலம் விசாரிக்கும்போது சேர்த்தாலும் உறுத்தாது. 🤟 போடலாமா என்று ஒரு கணம் தயங்கினால், 🫶 போட்டுவிடுங்கள்.

🫰 கொரியாவிலிருந்து வந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் குறுக்காக வைத்தால் அந்தச் சந்திப்பில் ஒரு குட்டி இதயம் தெரியும். கே-பாப் எனும் கொரியப் பாப் இசைக் கலைஞர்கள் வழியாக 2010களில் பரவி, 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் விளையாட்டு வீரர்களின் கைகளிலும் ஏறியது. நம் ஊரில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்தால் இங்கே ‘துட்டு’. கே-பாப் பார்க்காத ஒருவருக்கு “நாளைக்குப் பார்க்கலாம் 🫰” என்று அனுப்பினால், வாங்கிய கடனை நினைவூட்டுவதாக எடுத்துக்கொள்ளலாம். யூனிகோட் அமைப்பும் இதற்கு ‘இதயம்’ என்று பெயர் வைக்கவில்லை. குறுக்காக வைத்த விரல்கள் என்று வடிவத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. 🤟 அப்படியல்ல: அதன் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே ‘ஐ லவ் யூ’ இருக்கிறது.

நிறம், பெட்டி, எஸ்எம்எஸ்

போன் விசைப்பலகையில் எமோஜியைத் திறந்து தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘லவ் யூ’ என்று தட்டினால் 🤟 வந்துவிடும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையோடு புள்ளியை அழுத்தினால் எமோஜிப் பலகை திறக்கும். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றும் சேர்த்து.

எமோஜியை அழுத்திப் பிடித்தால் ஐந்து தோல் நிறங்கள் விரியும். ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் பல விசைப்பலகைகள் அடுத்த முறையும் அதையே தரும். மீண்டும் மஞ்சள் வேண்டுமானால் மறுபடி அழுத்திப் பிடித்து மாற்ற வேண்டும். ஒரு நிறுவனத்தின் சார்பில் எழுதும்போது மஞ்சளே பொருத்தம். சொந்தச் செய்தியில் உங்கள் விருப்பம். நிறம் சேர்த்த கை கணினிக்கு ஒரு குறியல்ல, இரண்டு: முதலில் கை, அதை ஒட்டி நிறக்குறி. மிகப் பழைய கருவிகளில் கைக்குப் பக்கத்தில் ஒரு நிறச் சதுரம் தனியாக நின்றால், இரண்டையும் ஒட்டத் தெரியாத மென்பொருள் அது என்று பொருள்.

கைக்குப் பதில் வெறும் பெட்டி தெரிந்தால், பெறுபவரின் கருவியில் அந்த எமோஜிக்கான படம் இல்லை. 🤟 வந்து பல ஆண்டுகள் ஆனதால் அதற்கு இந்தத் தொல்லை அரிது. 🫶, 🫰 இரண்டும் பழைய போன்களில் இன்னும் பெட்டியாகலாம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் சொந்த எமோஜிப் படங்களை வைத்திருப்பதால், போன் பழையதானாலும் செயலியைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஐபோனில் படம் இயங்குதளத்திலிருந்து வருகிறது. அங்கே போனையே புதுப்பிக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸில் ஒரு செலவுக் கணக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் மட்டும் எழுதினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. ஒரே ஒரு எமோஜி சேர்ந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோட் முறைக்கு மாறி, வரம்பு 70 ஆகச் சுருங்கும். அதைத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரிந்து போகும். 100 எழுத்துள்ள தங்கிலீஷ் வாழ்த்து தனியாகப் போனால் ஒரு எஸ்எம்எஸ். கடைசியில் 🤟 சேர்த்தால் இரண்டு. மொத்தமாக ஆயிரம் பேருக்கு அனுப்பும் கடைக்காரருக்கு இது பில்லில் இரட்டிப்பாகத் தெரியும். தமிழ் எழுத்தில் அனுப்புபவர்கள் ஏற்கெனவே 70 கணக்கில் இருப்பதால், எமோஜிக்கு இரண்டு இடம் மட்டும் கூடுதலாகப் போகும். நிறம் சேர்த்தால் நான்கு.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் எமோஜியின் பெயரைப் படித்துக்காட்டும். நிறம் இருந்தால் அதையும் சேர்த்து. பத்து 🤟 வரிசையாகப் போட்டால் அந்தப் பெயரைப் பத்து முறை கேட்க வேண்டிவரலாம். ஒன்று போதும், அதையும் வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் வாக்கியம் அறுந்துபோகும்.

இணையப் பக்கத்தில் நேராக ஒட்டினால் வேலை முடிந்தது. ஒட்ட முடியாத இடத்தில் 🤟 என்று எழுதலாம்; அதை ஒட்டி 127995 முதல் 127999 வரையுள்ள எண்களில் ஒன்றை அதே முறையில் சேர்த்தால் நிறம் வரும். பக்கத்தில் சரியாகத் தெரிந்த கை, சேமித்துத் திறந்ததும் கேள்விக்குறிகளாக மாறினால் குற்றம் எமோஜியிடம் இல்லை. தரவுத்தளம் ஒரு எழுத்துக்கு மூன்று பைட் மட்டும் ஒதுக்கியிருக்கிறது. 🤟க்கு நான்கு வேண்டும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஆனால் அட்டவணையின் எழுத்துத் தொகுதியை ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக மாற்றினால் சரியாகிவிடும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால், தமிழ் ஒழுங்காகத் தெரிந்து எமோஜி மட்டும் கெட்டுப்போகும்; அதுதான் இந்தக் கோளாறுக்கு அடையாளம்.

ஃபிளெக்ஸ், அழைப்பிதழ் போன்ற அச்சு வேலைக்கு எமோஜியை எழுத்தாக ஒட்டாதீர்கள். பல அச்சகங்கள் இன்றும் யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்கின்றன. அங்கே கை கறுப்புக் கோடாகவோ பெட்டியாகவோ அச்சாகிவிடும். போன் திரையைப் படம் பிடித்துப் பெரிதாக்கினால் விளிம்புகள் உடைந்து, கட்டைவிரல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. திசையன் (வெக்டர்) வடிவில் உள்ள படத்தை எடுத்து வையுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. ஆப்பிள் வரைந்த கை ஆப்பிளின் சொத்து, கடைப் பலகையில் போட அனுமதி கிடையாது. கூகுளின் நோட்டோ எமோஜி எழுத்துரு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. ட்விட்டர் வெளியிட்ட ட்விமோஜி படங்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தது என்று ஓரத்தில் சிறிய எழுத்திலாவது குறிப்பிட வேண்டும்.